‘தெரியுதுங்க’ என்று சொன்ன கை

வேலையில் இருந்த காலத்தில் நான் ஒரு நோயாளியின் கையைச் சுட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

பிசியோதெரபி பிரிவில் உதவியாளர்களாகப் புதிதாய்ச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்க ஒருத்தி வேண்டும் என்று இந்தப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். வந்தேன். இருபத்தாறு வருஷம் இருந்தேன். ஸ்டிக்கரை எந்த இடத்தில் ஒட்டுவது, மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் மேடம் சொல்லித்தருவார். அதற்குப் புத்தகமும் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லை.

பக்கவாதம் வந்த கையைப் பார்த்து, கை செத்துப்போச்சு என்று வீட்டார் அழுவார்கள். கை சாகவில்லை. அடி பட்டது மூளையில். மூளைக்கும் கைக்கும் நடுவில் பேச்சு நின்றுபோயிருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பேச்சு இரண்டு வகை. தூக்கு, பிடி, விடு என்று மூளை சொல்வது போகிற பேச்சு. சுடுகிறது, சொரசொரக்கிறது, நழுவுகிறது என்று கை சொல்வது வருகிற பேச்சு. கை தூக்குகிறதா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். திருப்பிப் பேசுகிறதா என்று பார்க்கமாட்டார்கள். நாம் தொட்டுக் காட்டுவது, நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் காட்டுவது, மெஷின் சத்தத்தைக் கேட்கவைப்பது எல்லாம் அந்தப் பேச்சை மறுபடியும் தொடங்கிவைக்கத்தான்.

இதை எனக்குச் சொன்னது மேடம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார். என்னைவிட முப்பது வயது சின்னவர். நாகர்கோவில் பக்கத்துப் பெண். எனக்கு ஒரு தடவை சொன்னது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐம்பத்தைந்து வயது. கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினவர். தண்ணீர் பம்புக்குள்ளே புஷ் என்று ஒரு பித்தளை வளையம் போகும். அதைக் கடைவது அவர் வேலை. பத்தொன்பது வருஷம் ஒரே லேத். வலது பக்கம் வாதம் அடித்து மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்தார். கால் தேறிவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குவார். வலது கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் சம்சாரம் சாந்தாமணி. அவர் பேசமாட்டார், அந்தம்மா நிறுத்தமாட்டார்.

"ஏனுங் மேரியக்கா, கை வந்துருமுங்களா? பொய் சொல்லாம சொல்லுங்க."

"சாந்தா, அவங்க இப்பத்தானே என்ற கையவே பாக்கறாங்க. வந்ததும் வராததுமா கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குத்தான் கேக்கத் தெரியல, எனக்குமா தெரியாது?"

அவர் என்னைப் பார்த்து, மன்னிச்சுக்குங்க என்பது போலச் சிரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஆயுத பூஜை வரைக்கும் என்ற லேத்துல வேற ஆள நிறுத்தமாட்டேன்னு ஓனர் சொல்லியிருக்காருங்க. டாக்டர் லெட்டரோட வரோணுமுங்க. நல்ல மனுசன். அதுக்கு மேல அவராலயும் முடியாதுங்க."

ஆயுத பூஜைக்கு அன்றைக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். விழுந்த கைக்காரரை எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் கழன்றுவிடும். வீட்டார் இழுத்தால் தடுத்துவிடுங்கள். திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடம் அவருக்கு மெஷின் வைத்தார். முன்கையில் ஸ்டிக்கர் ஒட்டினால் தசை கொஞ்சம் முயன்றாலும் திரையில் பச்சைக் கோடு ஏறும், பீப் என்று சத்தம் வரும். கை அசைவது கண்ணுக்குத் தெரியாதபோதே மெஷினுக்குத் தெரிந்துவிடும். நாச்சிமுத்துவுக்கு அது ரொம்பப் பிடித்தது. மெஷினோடு இருந்தவர் அல்லவா. மூன்றாம் நாளே, "இவன் நம்ம சைடுங்க, லேசா மொனகினாக்கூடக் கேட்டுக்கறான்" என்றார். கோடு ஏறியது. இரண்டு வாரத்தில் முழங்கை மடங்கியது. அப்புறம் விரல்கள்.

என் பங்கு அரை மணி நேரம். தொட்டுக் கேட்பது. பஞ்சு, பிரஷ், சொரசொரப்பான துண்டு, ஜில்லென்ற கரண்டி. அவர் கண்ணைத் துண்டால் மூடிவிட்டுத் தொடுவேன். "தெரியுதுங்களா?" என்பேன். தெரிந்தால் நோட்டில் டிக். இல்லாவிட்டால் கோடு.

முதல் நாள் ஒவ்வொன்றுக்கும், "தெரியலீங்க அம்மணி" என்றார். நான், "ம்" என்று ஒரு பெருமூச்சு விட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் உள்ளங்கையில் பஞ்சை வைத்தேன்.

"தெரியுதுங்களா?"

தலையை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். "லேசாத் தெரியுதுங்க."

எனக்குச் சந்தோஷம். கையைத் தட்டினேன். "மேடம், தெரியுதாம்!" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அன்றைக்குச் சிரித்தேன். சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள், "தெரியுதுங்க." அதற்கடுத்த நாள், "நல்லாத் தெரியுதுங்க." நோட்டில் டிக்காக விழுந்தது. ஆறு வாரம். அந்தப் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு அதைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு சனிக்கிழமை. மேடம் அரை நாள் லீவு. திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்து லெட்டர் எழுதுவதாக ஏற்பாடு. ஆயுத பூஜைக்குப் பதினோரு நாள். பதினோரு மணி டீ ஃபிளாஸ்கில் வந்தது. சில்வர் டம்ளரில் ஊற்றினேன். எனக்கு ஒரு ஆசை வந்தது. டம்ளரை விளிம்பில் பிடித்து அவர் வலது கையில் கொடுத்தேன்.

"பிடிங்க, பாக்கலாம்."

பிடித்தார். விரல்கள் சுற்றி வளைத்துக்கொண்டன. நடுக்கம் இல்லை. அறையில் இருந்த மற்ற நோயாளிகள் கை தட்டினார்கள். சாந்தாமணி போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

"குடிங்க, குடிங்க, அப்படியே என்னைப் பாருங்க!"

"குடிக்கறது இருக்கட்டும் சாந்தா," என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். வழக்கமாகப் பேசாத மனுஷன். "பட்டறையில டீ வந்தா எடது கையிலதான் வாங்குவமுங்க. வலது கை லேத்த விடாதுங்க. ஒருக்கா புதுசா வந்தவன் ஒருத்தன் ரெண்டு கையிலயும் டம்ளரப் புடிச்சுப்போட்டான். ஓனர் பாத்துட்டு, ஏண்டா கல்யாண ஊட்டுக்கா வந்தே, இன்னும் ஒரு கை இருந்தா லட்டும் குடுத்துருக்கலாம்னாரு..."

எல்லாரும் சிரித்தோம். கதை முடிந்தது. "இந்தாங்க அம்மணி" என்று டம்ளரை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். என்னால் பிடிக்க முடியவில்லை. மேசைமேல் போட்டுவிட்டேன். டீ சிந்தியது. அவ்வளவு சூடு. நான் இருபத்துநாலு வருஷமாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்த கைக்காரி.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து கிடந்தது. நடுவிரலுக்குக் கீழே தோல் வெள்ளையாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பது போல.

"அடடா," என்றார்.

குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் பிடித்தேன். ரொம்ப நேரம். சிஸ்டரைக் கூப்பிட்டு மருந்து போட்டோம். மற்றவர்களை அனுப்பிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நோட்டு என் மடியில் இருந்தது.

"நேத்துகூட நல்லாத் தெரியுதுன்னீங்களே?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க."

"தெரியலைன்னா உங்க மொகம் வாடிப்போகுதுங்க அம்மணி."

"கண்ணைத்தான் மூடியிருந்தேனே?"

"குரலும் வாடுமுங்களே. நீங்க அத்தன பாடு படறீங்க. நெதம் இந்தக் கையப் புடிச்சு நீவறீங்க. ஒரு நாளைக்காச்சும் தெரியுதுன்னு சொல்லோணும்னு தோணுச்சு. சொல்லிப்போட்டேன். அப்பறம் அத எப்படி மாத்தறதுங்க?"

சாந்தாமணி தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு முப்பது வருசமா இதேதானுங்க மேரியக்கா! கொழம்புல உப்பு சரியா இருக்குதான்னா, இருக்குதும்பாரு. நான் வாயில வெச்சுப் பாத்தா உப்பே போட்டிருக்கமாட்டேன். பொண்ணுப் பாக்க வந்தன்னைக்குப் புடிச்சிருக்குதான்னு கேட்டாங்களாம். புடிச்சிருக்குதுன்னாரு. அதுவும் இந்தக் கணக்கோ என்னமோ!"

"அது நெசமுங்க," என்றார் அவர், என்னிடம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டிய நேரம்தான். வரவில்லை.

அவரைக் குறை சொல்லாதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடக் கூசுவார்கள். அது எனக்குத் தெரியும். நானும் இங்கே பிறந்தவள்தான். தெரிந்தும் அப்படி ஒரு கேள்வி கேட்டேன். ‘தெரியுதுங்களா’ என்று கேட்டு, ஆமாம் சொன்னால் சிரித்து, இல்லை என்றால் பெருமூச்சு விட்டால் எந்தக் கௌரவமான மனுஷன் இல்லை என்பான்? அந்த டிக் எல்லாம் அவர் கையில் இருந்து வந்தவை இல்லை. என் முகத்தில் இருந்து வந்தவை.

கிளம்பும்போது அவர் வாசலில் நின்றார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"கொப்புளம் சின்னதுதானுங்க. திங்கக்கெழமைக்குள்ள அமுங்கிப்போகும். டாக்டர்கிட்ட ஊட்டுல சுட்டுக்கிட்டேன்னு சொல்லிப்போடறேன். உங்களுக்கும் பேரு கெடாது. லெட்டர் மட்டும் வந்துட்டாப் போதுமுங்க. அசைவு வந்துருச்சல்லங்க. மிச்சத்த நான் கண்ணால பாத்துப் பண்ணிக்குவேன்."

அவர் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வாழ்க்கையிலேயே யாரிடமும் அதிகம் கேட்டிருக்கமாட்டார். ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க’ என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. நோயாளியைச் சுட்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போக ஆசை இல்லை. அது ஒன்று. அவர் லேத் போய்விடும். அது இன்னொன்று. சும்மா இருந்தால் இரண்டும் தப்பும். அப்படித்தான் மனசு சொன்னது.

திரும்பி வரும்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு பட்டறை திறந்திருந்தது. அவசர ஆர்டர் போல. இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் போவேன், நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு நின்றேன். லேத்தில் சக் என்று ஒன்று இரும்பைக் கவ்விக்கொண்டு சுழல்கிறது. கண்ணுக்கு அசைவே தெரியவில்லை, அவ்வளவு வேகம். ஓட்டுகிறவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் கையை நீட்டுகிறார். பிடியைத் திருப்புகிறார், துணியை எடுக்கிறார். கை தானாகவே எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. சக்குக்கும் அவர் விரலுக்கும் நடுவில் இரண்டு அங்குலம்.

கண்ணால் பார்த்துப் பண்ணிக்கொள்கிற வேலை இல்லை அது.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். மேடமும் இருந்தார். நாச்சிமுத்து வேட்டி மாற்றி, திருநீறு வைத்து வந்திருந்தார். டாக்டர் முழங்கையை மடக்கச் சொன்னார், மடக்கினார். பந்தைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். டாக்டர் என் நோட்டைப் புரட்டினார்.

"பரவாயில்லையே, உணர்ச்சி முழுசா வந்திருக்கே," என்று சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார்.

"டாக்டர்," என்றேன். "அந்த டிக் எல்லாம் தப்புங்க. நான் போட்டது. அவருக்குக் கையில ஒண்ணும் தெரியல. சனிக்கிழமை நான் சூடான டம்ளரக் குடுத்துக் கை வெந்துபோச்சுங்க."

 டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை. சாந்தாமணி பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது எழுதத் தெரியவில்லை.

"எத்தனை வாரமா இந்த டிக்?"

"ஆறு வாரமுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "இன்னும் மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்," என்றார்.

எல்லாரும் போன பிறகு மேடம் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அக்கா, எங்க ஊர்ல இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க. கேட்காட்டியும் சொல்லுவாங்க. இங்க அப்படி இல்லைன்னு எனக்கு வந்த முதல் மாசமே தெரியும். ஹாஸ்டல்ல ஒரு அம்மாகிட்ட தோசை கிடைக்குமான்னு கேட்டேன், மாவு இல்லைன்னு சொல்லக் கூசிக்கிட்டு கடைக்கு ஓடி மாவு வாங்கிட்டு வந்து போட்டாங்க. தெரிஞ்சும் நான் உங்க நோட்டைத் திறந்து பார்க்கலை. பாதித் தப்பு என்னோடது." நோட்டை என் மடியில் வைத்தார். "இனிமே ஆமாவா இல்லையான்னு கேட்காதீங்க. என்னன்னு கேளுங்க. சில சமயம் ஒண்ணும் வைக்காமலே கேளுங்க."

அவ்வளவுதான். எனக்கு இதைவிடப் பெரிய பாடம் யாரும் நடத்தியதில்லை.

அடுத்த நாள் ஒரு தாம்பாளத்தில் ராகியைக் கொட்டினேன். அதற்குள் சாவி, பொத்தான், புளியங்கொட்டை, போல்ட். அவர் கண்ணைக் கட்டினேன். கை புண் இல்லாத விரல்களால் துழாவ வேண்டும். நான் முகத்தை மரம்போல வைத்துக்கொண்டேன். குரலையும்.

"கையில என்ன?"

"சாவிங்க."

ஒன்றுமே இல்லை. ராகி மட்டும்தான் இருந்தது.

"இப்ப?"

"பொத்தானுங்க."

போல்ட். பத்துக்கு இரண்டு சரி. அதுவும் அதிர்ஷ்டம். கட்டை அவிழ்த்தேன். தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். ஆறு வாரமாக எனக்குச் சொன்ன பொய்யைத் தானும் கொஞ்சம் நம்பியிருந்திருக்கிறார்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் சாந்தாமணி கூட்டிவந்தார்.

"பட்டறைக்குப் போயி லேத்துகிட்ட நின்னுட்டு வந்தாருங்க மேரியக்கா. ஒண்ணும் தொடலியாம். சும்மா நின்னாராம். ஓனருதான் போன் பண்ணிச் சொன்னாரு, கூட்டிட்டுப் போங்கம்மான்னு."

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்கார்ந்து கையை நீட்டினார்.

ஆரம்பத்தில் இருந்து தொடங்கினோம். முதலில் நல்ல கையில் பொருளைக் கொடுப்பது. அதை நல்ல கை எப்படி உருட்டுகிறது என்று அவரே வாய்விட்டுச் சொல்வது. அப்புறம் அதே பொருள் கெட்ட கையில், கண் திறந்து. அப்புறம் கண் மூடி. தப்பானால் பார்த்துக்கொண்டே மறுபடியும். இது மெதுவான வேலை. மெஷின் மாதிரி பீப் சத்தம் வராது, யாரும் கை தட்டமாட்டார்கள். உங்களுக்கே தூக்கம் வரும். தூங்காதீர்கள்.

ஆயுத பூஜை வந்தது, போனது. மறுநாள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பொரி, கடலை, ஒரு துண்டுத் தேங்காய்.

"பட்டறை பூஜைக்குப் போனேனுங்க. எடுத்துக்குங்க அம்மணி."

"நல்லா நடந்துதுங்களா?"

"நல்லா நடந்துதுங்க. லேத்துக்குச் சந்தனம் வெச்சது புதுசா வந்த ஆளு. நல்ல பையனாட்டத் தெரியுது."

அதே மரியாதையான குரல். நான் பொரியை வாங்கினேன். மன்னிப்பு கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டிருந்தால், ‘அதுக்கென்னங்க, பரவாயில்லீங்க’ என்று சொல்லியிருப்பார். அதனால் கேட்கவில்லை. கண் கட்டுகிற துணியை எடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவராகவே ஒரு துணிப்பையில் புஷ் கொண்டுவந்தார். பட்டறையில் கழித்துப் போட்டவை சில, சரியானவை சில. "சாவியும் பொத்தானும் என்ற விரலுக்குப் பழக்கம் இல்லீங்க. இது பழக்கம்," என்றார். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். இதை நாம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்றார். நான் வளையங்களைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவர் இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது கரடு, இது வழவழவென்று நயம், இது நடுவில் விரல் தட்டுகிறது என்று பிரித்து வைத்தார். நான் அடியில் பேனாவால் எழுதிக்கொண்டேன். நயம் என்றால் ஒன்று. கரடு என்றால் இரண்டு.

அன்றிலிருந்து கேள்வி மாறியது. "கையில என்ன" இல்லை. "எது நயம்?" முதலில் எதுவும் வரவில்லை. அப்புறம் மிகவும் கரடானது மட்டும் வந்தது. ஒரு நாள் கண் கட்டியிருக்கும்போது, கேட்காமலே, "ஜில்லுன்னு இருக்குதுங்களே, இது ஃபேனுக்கு அடியில இருந்துச்சுங்களா?" என்றார். இருந்தது. நான் முகத்தை மரம்போல வைத்திருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணைக் கட்டி வலது கையில் ஒரு புஷ்ஷை வைத்தேன். அடியில் ஒன்று என்று நானே எழுதியது. உருட்டினார். ஓரத்தில் ஆட்காட்டி விரலைச் சுற்றவிட்டார். நின்றார். மறுபடி சுற்றினார்.

"இது நயம் இல்லீங்க."

"சரியாப் பாருங்க."

"பாத்துட்டனுங்க. இல்லீங்க."

நான் நம்பரைப் பார்த்தேன். ஒன்று. தப்பு என்று கோடு போடப்போனேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் இல்லை?" என்றார் மேடம்.

"ஓரத்துல பிசிறு நிக்குதுங்க. மயிரிழை."

மேடம் வாங்கித் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கொடுத்தார். வழவழப்பாக இருந்தது. "நீங்களே இடது கையால நயம்னு சொன்னதுதானுங்க இது," என்றேன்.

"அப்ப எடது கை சொன்னது தப்புங்க."

"நாங்க ரெண்டு பேரும் தொட்டுப் பாத்தமுங்க."

"நீங்க சொல்றதும் தப்புங்க அம்மணி!" குரல் உயர்ந்துவிட்டது. கண் கட்டோடு என் பக்கம் திரும்பினார். "பத்தொம்பது வருசம் இதத்தான பண்ணுனேன்? பிசிறு இருக்குதுன்னா இருக்குதுங்க!"

சாந்தாமணி வாயைத் திறந்தபடி நின்றார். "சாமீ, இவருக்குக் கோவம் வருதுங்க!" என்றார், நல்ல செய்தி சொல்கிற மாதிரி.

மேடம் ட்ராயரில் இருந்து பஞ்சை எடுத்தார். ஒரு சின்ன உருண்டையாகப் பிய்த்து வளையத்தின் ஓரத்தில் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். முக்கால் சுற்று ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு இடத்தில் பஞ்சு நின்றது. இழுத்தார். வெள்ளை நூல்போல ஒரு இழை அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது.

நான் துணியை அவிழ்த்தேன். அவர் இழையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சத்தம் போட்டுட்டனுங்களா? மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கமாட்டேன். நாளைக்கும் போடுங்க," என்றேன்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் பார்த்தார். இந்தத் தடவை நோட்டை நம்பவில்லை. அவரே கண்ணைக் கட்டினார், அவரே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பத்தில் எட்டு. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கையை வைத்ததுமே நாச்சிமுத்து சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"பட்டறை ஓனர் பேசினார். புதுசா வந்தவன் சொந்த ஊருக்குப் போறானாம். லேத் காலியாகுதாம். லேத்துக்குன்னே எழுதிடவா?"

 சாந்தாமணி வீட்டுக்காரர் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார். டாக்டர் கேட்டது ஆமாவா இல்லையா என்கிற கேள்வி. கேட்டது பெரிய மனுஷர். நல்ல மனசோடு கேட்கிறார். வேறு யாராவது கேட்டிருந்தாலும் நாச்சிமுத்துவுக்கு இல்லை என்று வாய் வராது. அதிலும் இது லேத்.

நாச்சிமுத்து வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார்.

"வேண்டாமுங்க டாக்டர்."

"ஏன்?"

"விரலு வந்துருச்சுங்க. மணிக்கட்டும் முன்கையும் இன்னும் வரலீங்க. சக்குகிட்ட மொதல்ல போறது விரலு இல்லீங்க, முன்கைதான். ஒரசுனா எனக்குத் தெரிய நேரமாகுமுங்க. அதுக்குள்ள இழுத்துப்போடும்." கையை மேசையில் இருந்து எடுத்தார். "செக்கிங் டேபிள்னு ஒண்ணு இருக்குதுங்க. கடைஞ்ச பீசத் தொட்டுப் பாத்து அனுப்பற வேல. அதுக்கு எழுதுங்க."

"லேத் வேற ஆளுக்குப் போயிடுமே?"

"போகட்டுங்க."

டாக்டர் அப்படியே எழுதினார். நான் வெளியே போய் ராகித் தாம்பாளத்தைக் கழுவினேன். அது கழுவ வேண்டிய நாள் இல்லை.

இப்போதும் மாதம் ஒரு தடவை போன் பண்ணுவார். போன வாரம் பண்ணினார்.

"அம்மணி, சௌக்கியமுங்களா? சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. வேலை எப்படி?"

"இன்னைக்குப் பதினாலு பீசத் திருப்பி அனுப்பிச்சுட்டனுங்க. லேத்துக்காரன் சண்டைக்கு வந்துட்டான். அப்பறம் ஓனரும் வந்து நின்னாரு. ஏனுங் நாச்சிமுத்து, லோடு கெளம்போணும், கொஞ்சம் பாத்து அனுப்பியுடக் கூடாதான்னு கேட்டாருங்க. பாவமாப் போச்சுங்க. எத்தன வருசமாச் சோறு போட்ட மனுசன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒக்காருங்கன்னு சேரப் போட்டேன், டீ வாங்கிக் குடுத்தேன்," என்றார். "குடிச்சு முடிச்சதும், அந்தப் பதினாலும் ஆகாதுங்கன்னு சொல்லிப்போட்டேன்."